அறியாதாரிடம் கொள்ளுதல்

ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய பொருளை உலோகத்தின் எடைக்கோ சிறு தொகைக்கோ வாங்கி, அதை அரியதெனக் கருதும் தொலைவிடத்து ஒருவருக்கு இணையத்தின் வழியே பன்மடங்கு விலைக்கு விற்கும் தொழில் இன்று ஊர்தோறும் நடக்கிறது. உழவனின் ஊதியத்துக்கு நிலத்தில் இட்ட உழைப்பும், தட்டானின் ஊதியத்துக்குப் பொன்மேல் செய்த வேலையும், கடல் வணிகனின் ஊதியத்துக்கு அவன் ஏற்ற இடரும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பழம்பொருளை மறுவிற்பனை செய்பவரோ பொருளின்மீது பெரும்பாலும் எதையும் செய்வதில்லை, துடைத்துப் படமெடுப்பதோடு சரி. விற்றவருக்குத் தெரியாத ஒன்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது என்பதே அவருடைய ஊதியத்தின் ஊற்று. பிறருடைய அறியாமையிலிருந்து வரும் ஊதியம் அறத்துக்கு உட்பட்டதா என்ற வினா இணையத்தோடு பிறந்ததன்று. பௌத்தக் கதை மரபும், தருமசாத்திரங்களும், யூத, கிறித்தவ, இஸ்லாமிய நூல்களும் வெவ்வேறு திசைகளிலிருந்து அதை எதிர்கொண்டிருக்கின்றன.

இவ்வினாவுக்குப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. ஒரே குடும்பத்தின் தகரப்பெட்டிக்குள் மூன்று ஆட்சிகளின் காசு கலந்து கிடக்கக்கூடிய நிலம் அது. பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனருகே கிழக்கில் தமிழ் வழங்கும் சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்குரியவை. முதலாவதில் ஆங்கிலேயரின் ரூபாயும் அணாவும் புழங்கின. கொச்சியில் புத்தன் என்ற சிறு வெள்ளிக்காசு இருந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கு நிலவ, ஆங்கிலேய ரூபாய்க்கு மட்டும் அதற்குமேல் 8 காசு கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருந்தது. இன்று தமிழில் பொதுச்சொல்லாகிவிட்ட அஞ்சல் என்பதே திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் நடத்திய தபால் சேவையின் பெயராகவும் இருந்தது. திருவிதாங்கூர் 1888-லும் கொச்சி 1892-லும் தமக்கென அஞ்சல்தலைகள் வெளியிட்டன, 1951-ல் இரண்டும் இந்தியத் தபாலோடு கலந்தன. சங்கு பொறித்த அஞ்சல்தலை ஒட்டிய பழைய உறை ஒன்று, வீட்டுக்காரருக்குப் பாட்டனாரின் கடிதம். சேகரிப்பாளருக்கு அதன்மேல் விழுந்த முத்திரையின் ஊர்ப்பெயரே பொருள்.

காசும் கடிதமும் மட்டுமல்ல. கல்பாத்தி, நூரணி, சாத்தபுரம் முதலிய அக்கிரகாரங்களின் பின்கட்டுகளில் உருளியும், வெண்கலப்பானையும், ஈயச்சொம்பும், மூக்கு வைத்த நீர்ச்செம்பாகிய கிண்டியும், எச்சில் படிக்கமாகிய கோளாம்பியும், நெல்லளக்கும் பறையும் நாழியும் தலைமுறைகளாகக் குவிந்தவை. பிள்ளைகள் மும்பைக்கும் சென்னைக்கும் அயல்நாட்டுக்கும் குடிபெயர்ந்தபின் வீடு கைமாறும்போது இவை ஒரே நாளில் திண்ணைக்கு வந்துவிடுகின்றன. மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் காரணம் வேறு: வேலையிலிருந்து ஓய்வு பெறும் தொழிலாளி தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டியிருப்பதால், எதைத் தூக்கிச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று சில நாட்களுக்குள் முடிவு செய்தாகவேண்டும். முன்பு ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவரும், எல்லையோரத்தார் மலையாளத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லால் ஆக்ரிக்கடை என்று அழைக்கும் காயலாங்கடையும் இவற்றுக்கு ஒரே அளவுகோலை வைத்திருந்தனர், அது தராசு. இப்போது அதே படியேறி வருபவரின் சட்டைப்பையில் கைப்பேசியும், அதற்குள் தில்லியிலும் துபாயிலும் உள்ளவர்கள் விலை கேட்கும் வாட்ஸ்ஆப் குழுவும் இருக்கின்றன.

விலையைக் கொண்டு அறத்தை அளக்க முயன்ற கொள்கைகள் இங்கே விரைவில் கைவிட்டுவிடுகின்றன. கௌடலீயம் உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்தும் அயல்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்குப் பத்தும் இலாப வரம்பு வகுக்கிறது. யூதர்களின் தல்மூது, நடப்பு விலையிலிருந்து ஆறில் ஒரு பங்கு விலகினால் ஏமாந்தவர் மீட்புக் கோரலாம் என்கிறது. இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவ அறிஞர்கள் நியாய விலை என்ற கருத்தை, அதாவது ஊரார் பொதுவில் ஒப்பும் மதிப்பை, அளவுகோலாக வைத்தனர். மூன்றும் சந்தையில் ஒரு நடப்பு விலை உண்டு என்று கொண்டு தொடங்குகின்றன. கோளாம்பிக்கு அப்படியொரு விலை இல்லை. பயன்பாடே ஒழிந்துபோன கலம் அது. பிரித்தானிய மானிடவியலாளர் மைக்கேல் தாம்ப்சன் 1979-ல் வெளியிட்ட குப்பைக் கோட்பாடு என்ற நூலில் காட்டியபடி, நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் பண்டம் ஒருநாள் மதிப்பே இல்லாத குப்பை நிலையை அடைந்து, சில வேளைகளில் அங்கிருந்து நாளுக்கு நாள் மதிப்பேறும் அரும்பொருளாக மறுபிறவி எடுக்கிறது. மறுவிற்பனையாளர் நிற்பது அந்த இரண்டு பிறவிகளுக்கு இடைப்பட்ட இடத்தில். ஆகவே எவ்வளவு இலாபம் என்று கேட்பது பயன் தராது. என்ன சொல்லப்பட்டது, என்ன சொல்லப்படவில்லை என்பதையே கேட்கவேண்டும்.

இதை மிகக் கூர்மையாகக் கேட்டது பௌத்த சாதகக் கதைகளுள் மூன்றாவதாக வரும் சேரிவாணிச சாதகம். சாதகம் என்பது புத்தர் தம் முற்பிறவிகளில் போதிசத்துவராக, அதாவது புத்தநிலையை நோக்கிச் செல்பவராக, வாழ்ந்ததைக் கூறும் கதை. இங்கே அவர் தெருத்தெருவாகச் சென்று மணியும் பாத்திரமும் விற்கும் வணிகர் என்பது கவனிக்கத்தக்கது. வணிகர் இருவர் ஒரு நகரத்தின் தெருக்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். செல்வம் இழந்த குடும்பமொன்றில் எஞ்சியிருப்பவர்கள் ஒரு பாட்டியும் பேத்தியும்; பழம்பாத்திரங்களிடையே அழுக்கேறிக் கிடந்த கிண்ணமொன்றைக் கொடுத்துப் பேத்திக்கு ஓர் அணி கேட்கிறாள் பாட்டி. முதலில் வந்த வணிகன் ஊசியால் அதன் அடியைக் கீறிப் பார்த்துப் பொன் என்று அறிந்தும், அரைக்காசு பெறாது என்று தரையில் எறிந்துவிட்டுப் போகிறான். பிறகு வந்து ஒன்றும் கொடாமலே கொண்டுபோவது அவன் எண்ணம். அடுத்து வந்த போதிசத்துவர், இது நூறாயிரம் பெறும், தம்மிடமுள்ள சரக்கெல்லாம் சேர்த்தாலும் ஈடாகாது என்று சொல்லிவிடுகிறார். அப்படியானால் உங்கள் புண்ணியத்தால்தான் இது பொன்னாகியிருக்கவேண்டும், இயன்றதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்கள் கூற, கையிலிருந்த ஐந்நூறு காசையும் ஐந்நூறு காசு பெறும் சரக்கையும் கொடுத்துவிட்டு, தராசையும் பையையும் எட்டுக் காசையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். திரும்பி வந்து செய்தியறிந்த மற்றவன் தராசுக் கோலையே தடியாகப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி, படகு போவதைக் கண்டு நெஞ்சு வெடித்து இறக்கிறான். பிற்பிறவியில் தேவதத்தனாகப் பிறந்த அவன் புத்தர்மேல் கொண்ட பகை அங்கே தொடங்கியது என்று கதை முடிகிறது.

பக்திக்கதையாக மட்டும் இதைப் படிப்பவர் ஒரு கணக்கைக் கவனியாமல் போகக்கூடும். நூறாயிரம் பெறும் கிண்ணத்துக்குப் போதிசத்துவர் கொடுத்தது ஏறத்தாழ ஆயிரம். அதாவது நூற்றில் ஒரு பங்கு. கௌடலீயத்தின் வரம்பும் தல்மூதின் ஆறிலொரு பங்கும் இங்கே தூள்தூளாகின்றன, ஆனால் கதைக்கு அதில் சிறிதும் உறுத்தல் இல்லை. இருவருக்கும் பொன்னைப் பற்றிய அறிவு ஒன்றே, இருவரும் வணிகரே, இருவரும் இலாபத்துக்காகவே வந்தவர்கள். வேறுபாடு முழுவதும் ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது: ஒருவர் மதிப்பைச் சொன்னார், மற்றவன் பொய் மதிப்பைச் சொன்னான். சொல்லியபின் கிடைத்த இசைவு, எவ்வளவு குறைந்த விலைக்காயினும், அறிந்தவரின் இசைவாகிவிடுகிறது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. அறிவும் உழைப்பால் ஈட்டப்படுவதே. சக்கரத்தின் அச்சுவேறுபாடுகளையும், அஞ்சல் முத்திரைகளின் வகைகளையும், வார்ப்பைத் தட்டிப் பார்த்து ஓசையால் காலம் சொல்வதையும் பல ஆண்டுகள் செலவிட்டுக் கற்றவர், காணும் வீடுதோறும் அக்கல்வியை இலவசமாகக் கொட்டிவிட்டு வரவேண்டுமென்றால் எவரும் கற்கமாட்டார். கற்றவர் வாராத ஊரில் உருளியெல்லாம் உலைக்களத்துக்குத்தான் போகும். மறுவிற்பனையாளர் தம் இலாபத்தைத் தேடும்போதே பொருளை அழிவிலிருந்து காக்கிறார் என்பது மறுக்கமுடியாத நன்மை. இந்திய ஒப்பந்தச் சட்டமும் (1872) இப்பக்கமே சாய்வதுபோலத் தோன்றுகிறது. அதன் 17-ஆம் பிரிவின் நான்காம் எடுத்துக்காட்டில், விலை மாற்றம் பற்றிய தனிச்செய்தி அறிந்த வணிகர் மற்ற வணிகருக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். 20-ஆம் பிரிவின் விளக்கம், பொருளின் மதிப்பைத் தவறாகக் கருதியிருந்தது ஒப்பந்தத்தைக் கெடுக்கும் பிழையாகாது என்கிறது. கிறித்துவுக்கு முன் 44-ல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில், பாபிலோனிய டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் அறிஞர் சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்று வாதிடுவதும், அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் அதை மறுப்பதும் இதே பிணக்குத்தான்.

ஆனால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் வேறொரு எடுத்துக்காட்டு உள்ளது. ஒருவருடைய நிலத்தில் கனிமப் படிவம் இருப்பதைக் கண்டவர், அதை உரிமையாளர் அறியாதபடி வழிசெய்து மறைத்து, குறைந்த விலைக்கு நிலத்தை வாங்கினால், உரிமையாளர் விரும்பும்போது அவ்வொப்பந்தம் தள்ளுபடியாகும். மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமை இங்கே நினைவுக்கு வராமலிருக்காது: நிலத்தில் புதைந்திருந்த செல்வத்தைக் கண்டவன் அதை மீண்டும் மூடிவைத்து, மகிழ்ச்சியோடு போய்த் தன் உடைமையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்குகிறான். விண்ணரசுக்காக அனைத்தையும் துறக்கும் மனநிலையே உவமையின் கருத்து, நிலவாணிகம் அன்று. எனினும் மீண்டும் மூடிவைத்தான் என்ற செய்கை உரையாசிரியர்களை உறுத்திக்கொண்டே வந்திருக்கிறது. போதிசத்துவரும் தம்மிடமிருந்த அனைத்தையும் கொடுத்தார், உவமையில் வருபவனும் கொடுத்தான்; நிலத்துக்காரனிடம் மட்டும் எவரும் எதையும் சொல்லவில்லை.

வெறும் மௌனத்துக்கும் மறைப்புக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பதை எல்லையோர வீடுகளின் திண்ணையில்தான் காணமுடியும். அங்கே விற்பவர் வணிகரல்லர். அவர் பெரும்பாலும் விலை சொல்வதில்லை. பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, இது என்ன பெறும் என்று கேட்கிறார். இக்கேள்வி எழுந்த கணத்தில் வாங்க வந்தவர் மதிப்பிடுபவராகவும் ஆகிவிடுகிறார். மதிப்பீடு என்பது நகைக்கடையிலும் நிலப்பத்திரத்திலும் தனித்தொழில். அதைச் செய்பவர் யாருக்காகச் செய்கிறாரோ அவருக்குக் கடமைப்பட்டவர். ஒருவரே இரண்டு வேடத்தையும் பூண்டு, மதிப்பிடுபவராகக் கேட்கப்பட்ட கேள்விக்கு வாங்குபவராகப் பதில் சொல்வதே இத்தொழிலின் மையக் குற்றம் எனலாம். சாதகத்தின் முதல் வணிகன் செய்ததும் அதுவே. 17-ஆம் பிரிவின் விளக்கம், பேசவேண்டிய கடமை உள்ள சூழலிலும், மௌனமே பேச்சுக்கு ஒப்பாகும் சூழலிலும் மௌனம் வஞ்சனையாகும் என்று கூறுவதை இத்திண்ணைக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரு வணிகருக்கிடையே, சேகரிப்பாளர் சந்தையிலோ இணைய ஏலத்திலோ, இக்கேள்வி எழுவதில்லை. அங்கே மௌனம் மௌனமாகவே நிற்கிறது. வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணவேண்டும் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதை இங்கே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக்கூடாது. வாசலில் நிற்கும்போதே உருளியைத் தம்முடையதாகப் பேணத் தொடங்கிவிடுபவர்கள் பலர்.

இடத்தின் முக்கியத்துவத்தை இஸ்லாமிய மரபு தெளிவாக உணர்ந்திருந்தது. சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் தடுத்தார் என்றும், அவ்வாறு விற்றவர் சந்தையை அடைந்தபின் விற்பனையை முறிக்க உரிமையுடையவர் என்றும் ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. சந்தையின் விலை காதில் விழுமுன் விற்பவரைப் பிடித்துவிடுவதே அங்கே குறையாகக் காணப்பட்டது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் தமிழ் முஸ்லிம்களான இராவுத்தர்களுக்கு இது புதிய செய்தியன்று. மனுநூலும் விற்றபின் வருந்துதல் என்பதைத் தனி வழக்குத் தலைப்பாக வைத்து, வாங்கியவரோ விற்றவரோ பத்து நாளுக்குள் மனம் மாறினால் பொருளைத் திருப்பலாம் என்கிறது. இன்றைய இணைய அங்காடிகளில் வாங்குபவருக்குத் திரும்பக் கொடுக்கும் வசதி உண்டு, புகார் எழுத இடம் உண்டு, தர மதிப்பெண் போடும் உரிமையும் உண்டு. சங்கிலியின் முதல் கண்ணியாகத் திண்ணையில் நின்ற மூதாட்டிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இனி எல்லார் கையிலும் கைப்பேசி உள்ளதே, விற்பவரும் தேடிப் பார்க்கலாமே என்ற விடை ஓரளவே செல்லும். இணையத்தில் எளிதில் தென்படுவது கேட்கும் விலை. விற்று முடிந்த விலை அன்று. 786 என்று முடியும் ரூபாய் நோட்டுக்கு இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்ற விளம்பரத்தையும், செம்புப்பாத்திரத்தில் இரிடியம் உள்ளது, அரிசியை இழுக்கும் என்ற வதந்தியையும் நம்பியவர்கள் பணமிழந்த கதைகள் எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு இருபுறமும் உண்டு. 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி, பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் இணையத்தில் விற்றுத்தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் வரியும் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி அறிவித்தது. முன்பு பொருளின் மதிப்பை அறியாமல் இழந்தவர், இப்போது இல்லாத மதிப்பை அறிந்துவிட்டதாக எண்ணி இழக்கிறார். அறிந்தவர் ஒருவரின் நேர்மையான வாய்ச்சொல்லுக்கு உள்ள தேவை இதனால் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. யூத மரபில் சிமியோன் பென் செத்தா என்ற ஆசிரியரின் கதை இவ்விடத்தில் கருதத்தக்கது: மாணவர்கள் அவருக்காக வாங்கிவந்த கழுதையின் கழுத்தில் முத்து ஒன்று தொங்கியதைக் கண்டு மகிழ, கழுதையைத்தான் வாங்கினேன், முத்தை வாங்கவில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். சட்டம் அவரிடம் அவ்வளவு கேட்கவில்லை.

இதுவரை பேசியவை பாத்திரமும் காசும். வழிபட்ட பொருளில் வினா வேறாகிறது. அங்கே விற்பவருக்கும் மதிப்புத் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், இருவர் அறிந்ததும் ஒரே மதிப்பு அன்று என்பதே சிக்கல். படிமத்தில் தெய்வம் எழுந்தருளியிருக்கிறது என்று கொள்ளும் ஆகம மரபு, அதைப் பழுதுபார்க்கும்போது தெய்வ ஆற்றலைக் கும்பநீருக்கு மாற்றும் சடங்கையும், வீட்டுப் பூசையின் முடிவில் அழைத்த தெய்வத்தை விடைகொடுத்தனுப்பும் உத்வாசனத்தையும் வகுத்துள்ளது. அச்சடங்குக்குப்பின் எஞ்சுவது மண்ணும் உலோகமுமே என்று வாதிட இடமுண்டு. ஆனால் பூட்டிய வீட்டைக் காலி செய்பவர்கள் பெரும்பாலும் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. யாரிடமிருந்து வருகிறது என்பதும் கேட்கப்படவேண்டியது. உரிமையில்லாதவர் விற்றல் தருமசாத்திரத்தில் தனிக்குற்றம். வசதியற்றவரிடமிருந்து, மறைவில், மிகக் குறைந்த விலைக்கு, வேளைகெட்ட வேளையில் வாங்குபவரைத் திருடனாகவே கொள்ளவேண்டும் என்று யாக்ஞவல்கியம் கூறும் அடையாளங்கள் இன்றைய காவல்துறைக்கும் பயன்படக்கூடியவை. 1976-ல் தமிழ்நாட்டின் பத்தூரில் மண்ணைத் தோண்டிய கூலித்தொழிலாளி ஒருவர் கண்டெடுத்து அற்பத் தொகைக்கு விற்ற நடராசர் படிமம், கைமாறிக் கைமாறி லண்டனை அடைந்து, கோயிலின் உரிமையை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றபின் 1991-ல் திரும்பியது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த படிமமும் நாணயமும், எழுபத்தைந்தாண்டு கடந்த இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடியும் தொல்பொருளே. உரிமம் இன்றி அவற்றில் வணிகம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. சக்கரக் காசை அயல்நாட்டு முகவரிக்கு அஞ்சலில் இடும் பலர் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது சாளக்கிராமம். நேபாளத்தின் காளிகண்டகி ஆற்றில் கிடைக்கும் கரிய உருண்டைக்கல் அது. உள்ளே சுருளாகப் பதிந்திருப்பதை நிலவியலார் அம்மோனைட்டு என்ற கடலுயிரின் புதைபடிவம் என்பர், வைணவரும் ஸ்மார்த்தரும் திருமாலின் சக்கரம் என்பர். பிரதிட்டை வேண்டாமலே அதில் தெய்வம் உறைகிறது என்பது நம்பிக்கையாதலால் உத்வாசனத்துக்கும் அங்கே வழியில்லை. அக்கிரகார வீடுகளில் அதைப் பாலில் நீராட்டி அன்றாடம் பூசித்தவர் மறைந்தபின், பிள்ளைகள் அதைக் கோயிலிலோ பூசை தொடரும் உறவினரிடமோ ஒப்படைப்பது மரபு; கொடையாகவன்றி அது கைமாறுவதற்கில்லை. இன்றோ எடையும் சக்கர எண்ணிக்கையும் குறித்து அது இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. விலை என்ற சொல்லை விட்டுத் தட்சிணை என்று எழுதிவிட்டால் போதுமா என்று கேட்பவருக்கு, ஆசார நூல்கள் எடுத்தாளும் புராணக் கருத்து இடம் தருவதாக இல்லை: சாளக்கிராமத்தை விற்பவரோடு நிறுத்தாமல், அதற்கு உடன்படுபவரையும், சோதித்துப் பார்த்து ஒப்புபவரையும், விலை கூறுபவரையும் அது ஒரே நரகத்தில் வைக்கிறது. கைப்பேசியின் திரையில் படத்தை ஏற்றியதும் எண்ணை நிரப்பச் சொல்லி ஒரு வெற்றுக் கட்டம் தோன்றும்போதே, வாங்குபவர் எவரும் வருமுன்னரே, அந்த வரிசையில் ஒருவர் சேர்ந்துவிடுகிறார்.